ரத்தான வண்டியின் மீதிப் பணம்

டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் அந்தப் பொய்யைத் திட்டம்போட்டுச் சொல்லவில்லை. மழையில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போய், வெள்ளிக்கிழமை வண்டியை ரத்து செய்துவிட்டார்கள். வண்டியே ரத்தானால் டிக்கெட் பணம் பைசா குறையாமல் திரும்பும். புக்கிங் கட்டணம் மட்டும்தான் போகும். வியாழன் மதியமே பணம் அவர் கணக்குக்கு வந்துவிட்டது. முதலில் வந்தவள் எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருப்பவள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க, தனக்கும் அக்காவுக்கும் டிக்கெட் எடுத்திருந்தாள்.

"எவ்வளவு பிடிச்சுக்கிட்டாங்கண்ணா?" என்று அவளேதான் கேட்டாள்.

"பாதி," என்றது அவர் வாய்.

மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள். ஒருத்தியிடம் சொல்லியாயிற்று, அடுத்தவருக்கு முழுசாகக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மாலைக்குள் அந்த வண்டிக்கு டிக்கெட் எடுத்திருந்த ஒன்பது பேரிடமும் அதையே சொல்லி முடித்தார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவியிடம் பத்தாவது பொய்யைச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, அந்த ஒன்பது பேரில் ஒருவரான கல்லூரி வாத்தியார் கடைக்குள் ஏறி வந்தார். அதே வண்டிக்கு வேறு இடத்தில் டிக்கெட் எடுத்த நண்பருக்கு முழுப் பணமும் வந்திருக்கிறது, எனக்கு மட்டும் எப்படிப் பாதி என்று பிடித்துக்கொண்டார். கடைக்காரர் கம்ப்யூட்டரையே வெறித்துக்கொண்டு இருந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்து ஓரமாக நின்ற தையல்காரிதான் குறுக்கே வந்தாள்.

"எனக்கும் பாதிதான் சார் வந்துச்சு. அண்ணன் அப்படிப்பட்டவரு இல்ல. ஆறு வருஷமா எதிர்லயே பாக்குறேன்."

வாத்தியார் குரலைத் தாழ்த்தி, மன்னிப்பு வேறு கேட்டுவிட்டுப் போனார். அவள் நீட்டிய ஜெராக்ஸ் காசைக் கடைக்காரரால் வாங்க முடியவில்லை.

சாயங்காலம் மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். ரயில்வேயிலிருந்து தாமதமாக வந்தது என்று சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினார். அவள் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

"அவங்க ஒண்ணும் பிடிக்கலம்மா. நான்தான் எடுத்துக்கிட்டேன்."

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"அன்னைக்கு பஸ்ஸுக்கு ஒருத்திக்குத்தான் காசு இருந்துச்சு," என்றாள். "அக்காவை அனுப்பினேன். அவகிட்ட அப்பா ரெண்டு நாள் பேசிட்டே இருந்திருக்காரு. அடுத்த வாரம் நான் போனப்ப அவருக்குப் பேச்சு நின்னுபோயிருந்துச்சு. இப்பவும் வரல."

அவர் பணத்தை நீட்டினார்.

"மெஷின் மேல வெச்சிட்டுப் போங்க," என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

மறுநாள் மற்ற எட்டுப் பேர் வீட்டுக்கும் போனார். வாத்தியார் வாசலில் நிறுத்தி, தெருவே கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கினார். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டபோது அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. திட்டாமல் விட்டவள் தையல்காரி ஒருத்திதான்.

இப்போது அவள் டிக்கெட்டுக்கு ஸ்டேஷன் வரிசையில் போய்த்தான் நிற்கிறாள். ஊருக்குக் கிளம்பி அவள் ஷட்டரை இறக்கிப் பூட்டும் சத்தம் கேட்டால், கடைக்காரர் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுகிறார். அவள் தெருமுனை திரும்பும்வரை அவருக்கு அது கிடைப்பதில்லை.