பத்தாவது விக்கெட்

மும்பையில் இந்த கிரிக்கெட் லீக்கை மழைக்காலத்தில்தான் ஆடுவார்கள். பிட்சை மூட மாட்டார்கள். வானம் என்ன கொடுக்கிறதோ அதில் ஆடித் தொலைக்க வேண்டும். கிறுக்கர்கள் போட்ட விதி என்று உதய் கோசால்கர் வருடா வருடம் திட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை.

அன்று கடைசி ஆட்டம். தோற்றால் அவருடைய கிளப் ஏ பிரிவிலிருந்து கீழே இறங்கிவிடும். எதிரணிக்கு வேண்டியது எழுபத்தெட்டே ரன். உதய் கேப்டன், வேகப்பந்து வீச்சாளர் வேறு. காலை மழையில் நனைந்த புல்லைப் பார்த்ததும் கை துறுதுறுக்க, பந்தைத் தானே எடுத்துக்கொண்டார். ஓடிவந்த கால் வழுக்கியது. பந்தோ ஈர மண்ணில் பொத்தென்று விழுந்து, அசமந்தமாக எழுந்து, அடி வாங்கத் தோதாக மட்டைக்கு வந்தது. விக்கெட் விழாமல் முப்பது ரன்.

வேறு வழியின்றிச் சுழற்பந்துக்காரர் விலாஸ் கோத்திடம் பந்தை நீட்டினார். கோத் வாங்கவில்லை. பிட்ச் ஓரத்தில் குனிந்து, ஸ்கூட்டர் சாவியைக் குத்தி எடுத்துக் காட்டினார். சாவி முழுக்கச் சேறு.

“இப்ப போட்டா திரும்பாது கேப்டன். வெயில் வந்துடுச்சுல்ல, அரை மணி நேரம் தாங்குங்க.”

“அதுக்குள்ள அவனுங்க ஜெயிச்சு, வடாபாவ் தின்னுட்டிருப்பானுங்க.”

“வேகத்தைக் காட்டாதீங்க. ரன்னை மட்டும் கட்டுப்படுத்துங்க.”

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்த மண்ணைப் பற்றிக் கோத் சொல்லிப் பொய்த்ததில்லை. உதய் பல்லைக் கடித்துக்கொண்டு, ஓட்டத்தைக் குறைத்து, குச்சிக்கு நேராகப் போட்டுக்கொண்டே இருந்தார். ஸ்கோர் ஐம்பத்திரண்டு ஆனபோது மேல்மண் காய ஆரம்பித்திருந்தது. கோத் பந்தைக் கேட்டு வாங்கினார்.

அதன்பின் நடந்ததை உதய் ஸ்லிப்பில் நின்று வாய் பிளந்து பார்த்தார். பந்து மண்ணைக் கடித்துத் திரும்பியது. ஒன்று கையுறைக்கு எகிறும். அதே இடத்தில் விழுந்த அடுத்தது கணுக்காலுக்குப் பதுங்கும். ஒன்பது விக்கெட், ஒன்பதும் கோத்துக்கே. என்ன மனுஷன் இவன் என்று மலைத்துப்போனார் உதய். இன்னும் ஒன்று எடுத்தால் பத்துக்குப் பத்து. நாற்பத்திரண்டு வயதில் கோத்துக்கு அது இன்னொரு முறை வாய்க்காது.

எதிரணிக்கு இரண்டு ரன் பாக்கி இருக்கும்போது தூறல் விழுந்தது. அடுத்த ஓவர் கோத்துடையது. அவர் பந்தைக் கால்சட்டையில் துடைத்தார், பிட்சைப் பார்த்தார், பந்தை உதயின் கையில் வைத்தார்.

“கீழே இறுகிடுச்சு, மேலேதான் ஈரம். இனி எனக்குத் திரும்பாது. உங்க பந்து சறுக்கிட்டு உள்ளே போகும்.”

“டேய், பத்தாவதுடா.”

“கிளப் இறங்கிடும் கேப்டன். போய்ப் போடுங்க.”

உதய் ஓட்டத்தை மறுபடி நீட்டி அளந்தார். உடம்பில் மிச்சமிருந்த வேகத்தையெல்லாம் கூட்டி வீசினார். பந்து எழும்பவே இல்லை. சர்ரென்று தாழ்ந்து போய் நடுக்குச்சியைப் பிடுங்கியது.

எல்லோரும் அவரைத் தூக்க ஓடிவந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு நேராகக் கோத்திடம் போனவர், தன்னைவிட இரண்டு வயது சின்னவனின் காலைக் குனிந்து தொட்டார்.