குப்பத்துப் பேச்சு

திங்கட்கிழமைக்கான வழக்குக் கட்டுகளை வெள்ளிக்கிழமை மாலையே எடுத்து அடுக்கிவைப்பது தீனதயாளனின் வழக்கம். அப்படி அடுக்கும்போதுதான் அந்தப் பெயரைப் பார்த்தார். ஆதியம்மாள், கணவர் பெயர் எல்லப்பன். ஊர், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பம். அவருடைய சொந்த அக்கா.

தீனதயாளன் செங்கல்பட்டில் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் பெஞ்ச் கிளார்க். நீதிபதியின் மேடைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, கட்டுகளை எடுத்துக் கொடுப்பதும், குற்றச்சாட்டைப் படித்துக் காட்டுவதும், அடுத்த வாய்தாவைக் குறிப்பதும் அவர் வேலை. நல்ல கிளார்க் என்று பெயர். அவர் எந்த ஊர் என்று கேட்டால் "மறைமலைநகர்" என்பார். வீடு வாங்கிக் குடியிருப்பது அங்கேதான், அதனால் அது பொய் இல்லை. குப்பத்தில் பிறந்தவர் என்பதை அவராக யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மீனவர் வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போனதும் அலுவலகத்தில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். அன்று அடைத்த தீனதயாளனின் வாய் பிறகு திறக்கவேயில்லை.

கட்டைப் பிரித்துப் பார்த்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மீன் விற்கும் பெண்களை, அங்கே புதிதாக வந்த ஒரு விடுதியின் காவலாளி விரட்டியிருக்கிறான். தகராறில் அக்கா அவனை அடித்துவிட்டாள். அவன் பெயர் வரதன். கன்னத்தில் சிராய்ப்பு. அவ்வளவுதான் வழக்கு.

நேராக நீதிபதியிடம் போய், "மேடம், இவங்க என் அக்கா. இந்தக் கேஸ்ல நான் உட்காரக் கூடாது" என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. இரண்டு முறை அறைக் கதவு வரை போனார், இரண்டு முறையும் திரும்பினார். அக்கா வர மாட்டாள், வக்கீல் யாராவது வாய்தா வாங்கிக்கொண்டு போவார் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

அக்கா வந்தாள். சலவைப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, ஏதோ கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தாள். உள்ளே நுழைந்ததும் மேடைக்குக் கீழே தம்பியைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. தீனதயாளன் சட்டென்று குனிந்து கட்டின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே அவிழ்ந்துதான் கிடந்தது. தலை நிமிர்ந்தபோது அக்காவின் முகம் மாறியிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவர் எழுந்து குற்றச்சாட்டைப் படித்தார். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"அவன் எங்கூடைய எட்டி ஒதச்சான் சார்," என்றாள் அக்கா. "மீனெல்லாம் ரோட்ல. பஸ்ஸு ஏறிக்கினு போவுது. நானு சும்மாங்காட்டியும் இன்னாத்துக்கு அடிக்கப் போறேன்? கெய்ல வாள இருந்திச்சு. வாளாலயே ஒண்ணு வுட்டேன்."

நீதிபதி கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். இங்கே வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வாளா? குற்றப்பத்திரிகையில ஆயுதம் எதுவும் சொல்லலையே!" என்றார்.

வக்கீல்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. ஒருவர் மேசையைத் தட்டினார். அக்கா எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நீதிபதி கீழே குனிந்து கேட்டார். "நீங்க இந்தப் பக்கம்தானே தீனதயாளன்? இவங்க என்ன சொல்றாங்க?"

வாளை மீன், மேடம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சிறு வயதில் அவர் சோற்றோடு பிசைந்து தின்ற மீன். அதைச் சொன்னால், 'உங்களுக்கு எப்படித் தெரியும்' என்று யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தும் நாக்கு வேறு மாதிரி புரண்டது.

"எனக்கும் சரியா புரியல மேடம். இந்தக் குப்பத்து ஜனங்க பேச்சே அப்படித்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எல்லாரும் சிரித்ததால் சிரித்ததாகக்கூட அதைச் சொல்ல முடியாது. மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவர் உதட்டில் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு நீதிபதியிடம் திரும்பி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள். "வாளை மீனும்மா. நீட்டா இருக்கும். மீன்."

நீதிபதிக்கு முகம் சிவந்தது. வக்கீல்களைப் பார்த்து, "போதும்" என்றார். பிறகு அக்காவிடம் தணிந்த குரலில், "உங்களுக்கு இலவசமா ஒரு வக்கீல் ஏற்பாடு பண்ணச் சொல்றேன். கூட யாராவது வந்திருக்காங்களா? சொந்தக்காரங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லம்மா."

கையெழுத்துப் போட தீனதயாளனின் மேசைக்கு வந்தாள். எழுத்தைக் கூட்டி மெதுவாகப் போட்டாள். காகிதத்தை எடுத்துக்கொள்வதுபோல அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். ஏன் நகர்த்தினோம் என்று அந்த நொடியே தெரிந்து உடம்பு கூசியது.

"வரேன் சார்," என்றாள் அக்கா.

மதியம் சாப்பிடும்போது டைப்பிஸ்ட் பரிமளா, "வாளாலயே ஒண்ணு வுட்டேன்" என்று கையை ஓங்கி நடித்துக் காட்டினாள். நல்ல பெண்தான், மனதில் விஷம் கிடையாது. எல்லாரும் சிரித்தார்கள். தீனதயாளன் சோற்றை மூடிவைத்துவிட்டு எழுந்து போனார். அவருடைய அக்கா அந்த மாதிரி கையை ஓங்குகிறவள் அல்ல. கூடை போன ஆத்திரம் அது. இதை அந்த அறையில் சொல்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் குழாயடியில் நின்று காலியான டப்பாவைக் கழுவுவதுபோல, நிரம்பிய டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மாலையில் நீதிபதியின் அறைக்குள் போனார். இந்த முறை திரும்பவில்லை.

"காலையில வந்தாங்களே மேடம், ஆதியம்மாள். அவங்க என் அக்கா."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "கூடப் பிறந்தவங்களா?"

"ஆமாங்க மேடம்."

"அப்போ, புரியலைன்னு சொன்னது?"

"புரிஞ்சது மேடம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "எழுத்து மூலமா விளக்கம் கொடுங்க. கேஸை வேற கோர்ட்டுக்கு மாத்த எழுதிடறேன்" என்றார். தீனதயாளன் கதவருகே போனதும் நீதிபதி, "நானும் அவங்களை வாளான்னு கேட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

வழக்கு மாறிப்போனது. தீனதயாளனுக்கு ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு, பழைய கட்டுகளைக் காக்கும் அறைக்கு மாற்றல் வந்தது. புதிய நீதிமன்றத்தில் வரதனே சமாதானத்துக்கு ஒத்துக்கொண்டான். அவனும் வேடந்தாங்கல் பக்கத்தில் விவசாயம் பொய்த்துப்போய் வேலைக்கு வந்தவன். முதலாளி சொன்னதைச் செய்தேன் என்று அழுதானாம். இதெல்லாம் அவருக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. அக்காவிடமிருந்து போன்கூட வரவில்லை.

வழக்கு முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனார். அக்கா வீட்டு வாசலில் வலையின் நிழலில் உட்கார்ந்து, கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா," என்றாள். 'சார்' இல்லை.

"யக்கா, அன்னிக்கு..."

"வேல பூடும்னு பயந்துட்ட. வுடு. அதுக்குத்தான் யாருமில்லன்னு சொன்னேன்."

"பயம் இல்லக்கா. நான் சிரிச்சேன்."

கருவாட்டைத் திருப்பிய கை கொஞ்சம் நின்றது. "பாத்தேன்," என்றாள். எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தம்பி வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அக்காவோடு மீன் விற்கும் பெண்கள் வந்துவிட்டார்கள். முனியம்மா எல்லாருக்கும் முன்னால் வந்து குந்தினாள். "உங்கக்கா அந்த வாள கதய சொல்லிச் சொல்லி எங்க வயிறே புண்ணாப் பூட்ச்சு நைனா," என்றாள். அக்கா இன்னொரு முறை சொன்னாள். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்தது, வக்கீல் மேசையைத் தட்டியது, எல்லாம் வந்தது. பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தக் கதையில் கிளார்க் என்று ஒருவனே இல்லை.

"ஆமா, ஜட்ஜு பக்கத்துல எந்தம்பி குந்திகினு கீறான்னு சொல்லுவியே," என்று அக்காவிடம் சொன்ன முனியம்மா, அவர் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு எங்க போன நைனா நீயி?"

"அவன் கோர்ட்டு வேற," என்றாள் அக்கா உடனே. "அன்னிக்கு அவன் அங்க இல்ல."

தீனதயாளன் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். இந்தப் பொய்யையும் அவள்தான் சுமக்க வேண்டுமா?

"இருந்தேன்," என்றார். "அங்கதான் இருந்தேன். அக்கா பேசினது புரியலன்னு ஜட்ஜுகிட்ட சொன்னேன். கூட சேர்ந்து சிரிச்சேன்."

பெண்களின் சிரிப்பு நின்றது. ஒருத்தி கூடையை எடுத்துக்கொண்டாள். முனியம்மா அக்காவைப் பார்க்க முடியாமல் கடல் பக்கம் பார்த்தாள். "சரி, வேல கீது" என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அவர்கள் தலை மறையும்வரை அக்கா அந்தத் திசையையே பார்த்திருந்தாள். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"உம் மனசு ஆறணும்னு எம் மானத்த இன்னாத்துக்குடா எடுத்த? எந்தம்பி எந்தம்பின்னு இந்தக் குப்பம் பூரா சொல்லிகினு திரிஞ்சேனே. இனிமே இவளுங்க மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

 உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று அவர் நினைத்திருந்தார். அதை இறக்கிவைத்த இடம் அவள் தலை என்று இப்போதுதான் தெரிந்தது.

அக்கா மறுபடியும் கருவாட்டின் முன்னால் உட்கார்ந்தாள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. தீனதயாளன் சட்டைக் கையை மடித்துவிட்டு அவளுக்கு எதிரே, வெயிலில், மணலில் உட்கார்ந்தார். தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்க்கும் துணிவு அன்று முழுக்க அவருக்கு வரவில்லை.