ஏழு படங்களையும் வாங்கியவர்

மீன் சந்தை எரிந்த காலையில் நான் எடுத்து விற்பனைக்கு வைத்த ஏழு படங்களையும் க்வேகு அம்பொன்சா ஒருவரே வாங்கினார். அசல் கோப்பு தன்னிடம் மட்டும் இருக்க வேண்டும், இணையத்தில் ஒன்றும் மிஞ்சக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அக்ராவில் எனக்கு இப்படியொரு ரசிகரா என்று பூரித்துப்போய் எல்லாவற்றையும் அழித்துத் தொலைத்தேன். முட்டாள்.

ஞாயிறு மதியம் வீட்டுக்குக் கூப்பிட்டார். கூடத்தில் சுவர் முழுக்க ஒரே திரை.

"உக்காருங்க, சிஸ்டர் ஜிஃபா. சோபோலோ குடிங்க, ஜில்லுனு இருக்கு."

"ஏன் பாஸ் என் படத்தையே தேடித் தேடி வாங்குறீங்க? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"உங்க கண்ணு யாருக்கு வரும்?" என்று சிரித்துக்கொண்டே படங்களை ஓடவிட்டார். ஆனால் அவர் படங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கேமராவின் குட்டித் திரையில் புகையாகத் தெரிந்தது இங்கே ஆளாகத் தெரிந்தது. மஞ்சள் சட்டை, கையில் பெட்ரோல் கேன். அடுத்த படத்தின் ஓரத்திலும் அதே ஆள். மூன்றாவதில் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அந்த முகம் என் எதிரே உட்கார்ந்து சோபோலோ குடித்துக்கொண்டிருந்தது.

"நான் கிளம்புறேன், பாஸ்."

"தாராளமா. அந்த எட்டாவது படத்தை மட்டும் குடுத்துட்டுப் போங்க."

"ஏழுதானே எடுத்தேன்," என்று பொய் சொன்னேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எட்டு தடவ அமுக்கினீங்க, சிஸ்டர். நான் எண்ணிக்கிட்டேதான் நின்னேன்."