எல்லாவற்றுக்கும் ஆகிற லேப்டாப்

தெருவில் அவளை எல்லோரும் செக்கரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை தைக்கும் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங் வேலை. தைத்து முடித்த ஒவ்வொரு சட்டையும் அவள் மேசைக்கு வந்துவிட்டுத்தான் பெட்டிக்குள் போகும். காலர், தோள், அக்குள், கை, பட்டன் என்று விரல் பாட்டுக்கு ஓடும். எங்காவது தையல் பிசகியிருந்தால் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை அங்கே ஒட்டித் தள்ளிவிடுவாள். ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடியில் அவள் கண்ணில் மண்ணைத் தூவ எந்தத் தையல்காரராலும் முடிந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவளை விட்டுவிட்டு, நேற்று வந்த ஒருத்தியைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வந்தவளிடம் டிப்ளமா இருந்தது. "உங்களுக்குத் தெரியாத வேலையாக்கா? ஆனா மேல பேப்பர் கேக்குறாங்களே, நான் என்ன பண்ண?" என்று மேனேஜர் கையை விரித்தார். சண்டை போடுகிற ஜாதி இல்லை செக்கரம்மா. வீட்டில் யாரிடமும் கேட்காமல், அடுத்த வாரமே அதே டிப்ளமாவில் சேர்ந்துவிட்டாள். மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஆன்லைன் வகுப்பு. நாற்பத்துமூன்று வயதில் அவளுக்கு மாணவர் அடையாள அட்டை வந்தது. அதில் இருந்த போட்டோவை யாருக்கும் தெரியாமல் நாலைந்து முறை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

முதல் மாதம் போனிலேயே வகுப்பு ஓடியது. ஓடியது என்பதைவிட நொண்டியது என்று சொல்லலாம். அவளுடைய போன் என்பது பேச்சுக்குத்தான் அவளுடையது. வேன் ஓட்டும் கணவரின் போனில் சார்ஜ் தீர்ந்துபோனால் சவாரி அழைப்பெல்லாம் அதில்தான் வரும். பள்ளிக் கடைசி வருடத்தில் இருக்கும் மகன் அதில்தான் விளையாடுவான். வகுப்பு நடக்கும்போதே, "ரெண்டே நிமிஷம்மா" என்று கையிலிருந்து உருவிக்கொண்டு போவான். அவனுடைய ரெண்டு நிமிடம் எட்டு மணிக்கு முடியும். அவன் கெட்ட பிள்ளை இல்லை. அம்மாவிடம் இருப்பது எதுவானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பழகிவிட்ட பிள்ளை. பழக்கிவிட்டவளும் அவள்தான்.

இப்போது தலைக்கு மேல் வந்துவிட்டது. ஒரு மாத உற்பத்திக் கணக்கைக் கட்டம் கட்டமாகப் போட்டு, திங்கட்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் திரையில் காட்ட வேண்டும். காட்டாதவர்கள் பரீட்சை எழுத முடியாது. போனில் அந்தக் கட்டங்கள் விரலுக்கு அடங்காமல் ஓடின. ஒரு எண்ணைத் தொட்டால் பக்கத்து எண் அழிந்தது. ஒரு வருட ஓவர்டைம் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தாள். அதை எடுத்து ஒரு லேப்டாப் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

வீட்டில் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள்.

"பெரிய ஸ்க்ரீனா பாரு. படம் பாக்கலாம்" என்றார் கணவர்.

"கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு இல்லாம வாங்கினா வேஸ்டும்மா. அது வெறும் டைப்ரைட்டர்" என்றான் மகன்.

"ஒரு தடவதான் வாங்கப் போறோம். எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி வாங்கிடணும்" என்று கணவர் தீர்ப்புச் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் ஆகிறது கடைசியில் எல்லோருக்கும் ஆகிவிடும் என்பது செக்கரம்மாவுக்குத் தெரியாதா? அவளுக்கென்று வாங்கிய சைக்கிள் மகனுடையதானது. அவளுக்கென்று வாங்கிய டேபிள் ஃபேன் கணவரின் தலைமாட்டுக்குப் போனது. லேப்டாப்பும் அந்த வழியில் போனால் திங்கட்கிழமை அவள் எதைக் காட்டுவது?

சனிக்கிழமை மதியம் மூவரும் வேனில் கடைக்குப் போனார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கடைக்காரர் நேராக மகனிடம் போனார்.

"தம்பி எந்தக் காலேஜ்? ஸ்டூடன்ட் கார்டு இருந்தா பத்து பர்சன்ட் குறைச்சுத் தரலாம்."

செக்கரம்மா கைப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்து நீட்டினாள். கடைக்காரர் நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"நீங்களாம்மா படிக்கிறீங்க?"

"ஏன், தேதி முடிஞ்சிருச்சா?"

"ஐயோ, அதுக்குச் சொல்லலைம்மா" என்று அசடு வழிந்தார்.

அதற்குள் மகன் கீபோர்டில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு லேப்டாப் முன்னால் போய் நின்றுவிட்டான். செக்கரம்மா அதன் விலைச் சீட்டைப் பார்த்தாள். அவளிடம் இருந்ததைப்போல இரண்டு பங்கு. "மாசாமாசம் கட்டலாமே" என்று கணவர் இழுத்தார். கடைக்காரர் உடனே கால்குலேட்டரை எடுத்தார். ஆண்கள் மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் மெல்ல நழுவினாள்.

அவள் தன் பாட்டுக்கு வரிசையின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தாள். எட்டு ஜிபி, பதினாறு ஜிபி என்ற சமாச்சாரமெல்லாம் அவளுக்கு அரைகுறை. ஆனால் ஒரு பொருளை எப்படிப் பார்ப்பது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூடியைத் திறந்து மூடினாள். விளிம்பில் நகத்தை ஓட்டி இடைவெளி பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தினாள். திரையை வெள்ளையாக்கிக் கரும்புள்ளி தேடினாள். ஒன்றுக்குக் கீல் தளர்ந்திருந்தது. இன்னொன்றின் மூலை தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்பேஸ் பட்டன் ஒரு பக்கம் மட்டும் அமுங்கியது ஒன்றில். கை தானாக வேலை செய்தது, மனசு வேறெங்கோ இருந்தது. திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! என்னம்மா பண்றீங்க?"

கடைக்காரர் ஓடிவந்தார். செக்கரம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஏழு லேப்டாப்பில் சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது. அவள் இடது கையில் ஸ்டிக்கர் சுருள். கைப்பையில் எப்போதும் கிடக்கிற சுருள்தான், அது எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பணம் கட்ட வரிசையில் நின்ற ஒரு தம்பதி, தாங்கள் வாங்கவிருந்த மாடலின் கீலில் அம்புக்குறியைப் பார்த்துவிட்டார்கள். அந்தப் பெண் மூடியை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. கணவனும் மனைவியும் வரிசையை விட்டு வெளியே போனார்கள்.

"அய்யய்யோ, மன்னிச்சுக்கங்க. பழக்க தோஷம்." செக்கரம்மா பதறிப்போய் ஸ்டிக்கரை உரிக்க ஆரம்பித்தாள். மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

கடைக்காரர் ஒவ்வொரு அம்புக்குறியாகக் குனிந்து பார்த்தார். முதலில் முகம் கடுகடுவென்று இருந்தது. நாலாவதற்கு வரும்போது கோபம் இறங்கி, கவலை ஏறியிருந்தது. "ஒட்டினது எல்லாமே சரியான இடத்துலதான் இருக்கு" என்று முணுமுணுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லுங்க. குடுத்து அனுப்பிடுறேன்" என்றார். போனால் போதும் என்ற தொனி அதில் நன்றாகவே கேட்டது.

"செகண்ட்ஸ் இருக்கா?"

"என்னது?"

"எங்க கம்பெனில துணி நல்லா இருக்கும், தையலும் நல்லா இருக்கும். எங்கயாவது ஒரு கறை இருக்கும். அதைத் தனியா எடுத்துவச்சுப் பாதி விலைக்குத் தருவாங்க. அந்த மாதிரி."

கடைக்காரர் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். ஆறு மாதம் ஷோகேஸில் இருந்ததாம். மூடியில் குறுக்கே நீளமாக ஒரு கீறல். அதைப் பார்த்ததும் வருகிறவர்கள் எல்லோரும் ஒதுக்கிவிட்டார்களாம். பதினாலு இன்ச், எட்டு ஜிபி, ஒரு வருட வாரண்டி. விலை அவள் கைக்குள் அடங்கியது.

நாற்பது விநாடிக்காரி இதற்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள். கீல் பார்த்தாள், எழுத்துகள் பார்த்தாள், திரை பார்த்தாள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு வீடியோவை ஓடவிட்டு, பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். திரையில் கணக்குக் கட்டங்களைத் திறந்து எண்களை அடித்துப் பார்த்தாள். தொட்ட எண் மட்டும் மாறியது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. சந்தோஷத்தில்தான்.

"இது போதுமாப்பா?" என்று மகனைக் கேட்டாள்.

"உன் படிப்புக்குத் தாராளம். ஆனா கேம் ஓடாதும்மா."

"சுத்தமா ஓடாதா?"

"சுத்தமா ஓடாது."

"அப்ப இதையே போடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

கணவர் கடைசியாக ஒருமுறை முயன்றுபார்த்தார். "ஸ்க்ரீன் சின்னதா இருக்கே."

"என் மடிக்கு இது போதுங்க."

கணவர் வேனை எடுக்கப் போக, மகனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே போனான். கடைக்காரர் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு, "ஒரு பாஸ்வேர்ட் போட்டுக்கங்கம்மா. உங்களுக்கு மறக்காத எண்ணா இருக்கட்டும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். செக்கரம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒற்றை விரலால் நிதானமாக எட்டு எண்களை அடித்தாள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அன்றைக்கு ஆறு மணிக்குச் சிறப்பு வகுப்பு. திரும்பி வந்தபோது அப்பாவும் பிள்ளையும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாஸ்வேர்ட் கேக்குதும்மா" என்றான் மகன்.

"கேக்கும்."

"எட்டுக் கட்டம் காட்டுது. என் பிறந்த நாளத்தான வச்சிருப்ப? போட்டேன், தப்புன்னு வருது."

"அது இல்ல."

கணவர் சிரித்தார். "நான் சொன்னேன்ல, கல்யாண நாளுன்னு? தள்ளுடா." நாலு விரலால் தடதடவென்று அடித்தார். திரை ஏற்கவில்லை. "என் பிறந்த நாளா?" என்று அதையும் அடித்தார். அதுவும் இல்லை. மகன் அவருடைய வேன் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம் என்றான். அதில் எட்டு எண் வரவில்லை.

கணவரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "எங்க ரெண்டு பேருது எதுவுமே இல்லையா?"

"இல்லங்க."

"வீட்டுக்குள்ள எதுக்கு இந்தப் பூட்டு?" அவருக்கு வலித்துவிட்டது, குரலிலேயே தெரிந்தது. அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றாள்.

கணவர் ஏதோ பிடிபட்டவர்போல நிமிர்ந்தார்.

"உன் பிறந்த நாளா?"

"ஆமா. போடுங்க."

அவர் விரல் கீபோர்டுக்கு மேலே போனது. அங்கேயே நின்றது. மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். மகன் அப்பாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

இருவரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். செக்கரம்மா உட்கார்ந்து எட்டு எண்களை அடித்தாள். திரை திறந்தது. வகுப்பு ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.