பெல்ஜியத்துக்காரன் தலையாட்டும் விதம்

குடியரசைக் காப்பாற்ற ஸ்பெயினுக்கு வந்து சண்டை போட்ட வெளிநாட்டுக்காரர்களை ஊருக்கு அனுப்புவதாக அரசு அறிவித்துவிட்டது. ஆள் கணக்கெடுத்து ரயிலேற்ற அதிகாரிகள் ரிப்போல் என்ற ஊருக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். போவதற்கு ஒரு நாடு இருந்தவனுக்குத்தான் ரயில். மெத்தோதி பல்கேரியாக்காரன், சொந்த ஊரில் கால் வைத்தால் தூக்கு. அடுத்தவன் நாட்டுக்காக உயிரைக் கொடுக்க வந்தவனுக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லை. நல்ல நியாயம்.

படைப்பிரிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ரெமெய் அவனை அப்படி விட்டுவிடத் தயாராக இல்லை. வந்து சேர்ந்த அன்றே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்வது படையின் வழக்கம். செத்தவர்களுடையவை அவள் மேஜை இழுப்பறையில் கிடந்தன. எப்ரோ ஆற்றங்கரையில் செத்த லூசியாங் என்ற பெல்ஜியத்துக்காரனின் படத்தைப் பிய்த்துவிட்டு, மெத்தோதியின் படத்தை ஒட்டினாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை அவனிடம் சொன்னதில்லை.

பத்து நாள் பாடம் நடந்தது. கையெழுத்து, தெருப்பெயர், அப்பா வேலை பார்த்த சுரங்கம் எல்லாம் மனப்பாடம். பாரிசில் மூன்று வருடம் செங்கல் சுமந்தவன் என்பதால் பிரெஞ்சும் பரவாயில்லை. தலைதான் அடங்கவில்லை. அவன் ஊரில் ஆமாம் என்றால் இடமும் வலமுமாக ஆட்டுவார்கள், இல்லை என்றால் மேலும் கீழும்.

“மேலயும் கீழயும் ஆட்டுய்யா. மாடு தண்ணி குடிக்கிற மாதிரி.”

“பெல்ஜியத்துல எல்லாரும் மாடா, டீச்சரம்மா?”

“உயிரோட இருக்கிற மாடு. ஆட்டு.”

விசாரணை நாளில் ரெமெய் பக்கத்து மேஜையில் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மெத்தோதி எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். தலையும் சொன்னபடி கேட்டது. முத்திரையைக் கையில் எடுத்த வயதான அதிகாரி, மனதில் எந்தக் கள்ளமும் இல்லாமல், அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்தார். அது பாடத்தில் இல்லாத கேள்வி. மெத்தோதிக்குத் தன் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. வாய் ஆமாம் என்றது. தலை இடமும் வலமும் ஆடியது.

அந்த மனிதர் நான்கு வருடம் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் வேலை பார்த்தவராம். ரெமெய்யின் போதாத காலம். முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, படத்தின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். ஒட்டியது யார் என்று கேட்கவில்லை. வருத்தத்தோடுதான் ரயில் பட்டியலில் இருந்து பெயரை அடித்தார். அவர் வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜனவரியில் பார்சிலோனா கைவிட்டுப் போகும் நிலை வந்ததும், ரயில் கிடைக்காதவர்கள் கையில் மறுபடியும் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். மெத்தோதி வாங்கிக்கொண்டான். லாரி கிளம்பும் நேரத்தில் ரெமெய் ஓடிவந்து அதன் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நாளும் சொல்லாததை அப்போதும் அவளால் சொல்ல முடியவில்லை.

“திரும்பி வருவியா?”

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் சொல்லிக்கொடுத்தபடியே, மேலும் கீழும் நிதானமாகத் தலையை ஆட்டினான். ஒரு பிசகும் இல்லை. இப்போது அவனுக்குப் பொய் நன்றாக வந்தது.