கரும்பாறைக்கு இந்தப் பக்கம்

எங்கள் சக்ரோ மலையிலிருந்து இறங்கும் ஒரு கரும்பாறை, சுவர் எழுப்பியதுபோல் பள்ளத்தாக்கின் குறுக்கே ஓடிப் பாலைவன மணலுக்குள் மறைகிறது. மேல்பக்கம் என் கணவரின் அண்ணன் ஹம்முவுக்கு, கீழ்ப்பக்கம் எங்களுக்கு. பங்கு பிரித்த சண்டையில் என் வீட்டுக்காரர் அஸ்ஸு, இனி அந்தப் பாறையைத் தாண்டுவதில்லை என்று தர்காவில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டார். எங்கள் ஆண்களுக்கு ரொட்டி இல்லாவிட்டாலும் வீம்பு வேண்டும். அதன்பிறகு அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோனது.

மலைப்பனி உருகி மண்ணுக்குள் இறங்கிவரும் தண்ணீரைப் பாறை தடுத்துவிடும். ஹம்முவின் கிணற்றில் எப்போதும் தண்ணீர். நாங்கள் தோண்டிய இடமெல்லாம் புழுதி. இந்தக் கோடையிலும் தண்ணீர் கிடைக்காவிட்டால் ஆடுகளை விற்றுவிட்டு ஊரைவிட்டே போகவேண்டியதுதான்.

கடைசியாகப் பாறையை ஒட்டியே தோண்டினார் அஸ்ஸு. ஒருநாள் குழிக்குள்ளிருந்து, "இட்டோ!" என்று என்னைக் கூப்பிட்டார். திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். வெளியே ஆடு தாண்டுகிற உயரம்தான் அந்தப் பாறை. உள்ளே அது எங்கள் காலுக்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போனது. பூமி பிளந்தபோது நெருப்புக் குழம்பாக ஏறிவந்து உறைந்தது என்பார்கள். தொட்டேன், சில்லென்றிருந்தது. மலையின் குளிர்காலம் முழுவதும் இதற்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது.

"உடைச்சிடலாம் இட்டோ. நான் தாண்டலையே, தண்ணிதானே தாண்டி வருது?" என்றார்.

"உங்க அண்ணன் கிணறு வத்திப்போகுமே?"

பாறையில் உளியை வைத்து ஓர் அடி அடித்தார்.

பாறைக்குள்ளிருந்து அதே சத்தம் திரும்ப வந்தது. எதிரொலி என்றுதான் நினைத்தோம். மறுபடி அடித்தார். இந்த முறை ஓர் அடிக்கு இரண்டாக வந்தது. அந்தப் பக்கம் தன் கிணற்றைத் தூர்வாரிக்கொண்டிருந்த ஹம்முதான் பதிலுக்குத் தட்டுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அவ்வளவு பெரிய மலையின் வேர் அண்ணனின் தட்டலை எங்கள் கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது. அஸ்ஸு உளியைக் கீழே போட்டுவிட்டு, பாறையில் நெற்றியைச் சாய்த்து அழுதார்.

நாங்கள் ஏறிவந்தபோது, உடம்பெல்லாம் சேறாக ஹம்மு பாறைமேல் நின்றிருந்தார்.

"சத்தியம் பண்ணினது நீதானே? உன் ஆடுங்களுமா பண்ணுச்சு? தண்ணிக்கு ஓட்டிட்டு வரச்சொல்லு அவளை."

நான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பாறையைத் தாண்டினேன். திரும்பிப் பார்த்தபோது அஸ்ஸு தாண்டாமல் கீழேயே நின்றிருந்தார். ஹம்மு இறங்கிப்போய் அவர் தோளில் கைபோட்டு நின்றார்.