முதுகில் தைத்த சங்கு

அல்லைப்பிட்டியில் சங்கு குளிக்கிறவர்களுக்குள் குருசுமுத்துவைப்போல மூச்சடக்க ஒருவரும் இருக்கவில்லை, பிள்ளைகளே. சண்டையால் கடலுக்குத் தடை வந்ததும் மனுசன் கதிரையில் குந்திவிட்டார். மகன் ஜேர்மனியிலிருந்து காசு அனுப்பினான். பாணும் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியுமாய் நாள் போனது. வயிறு முன்னே வந்தது, கழுத்து மறைந்தது, கடைசியில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் வந்து சேர்ந்தது.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் அவருடைய குறட்டை வேலிக்கு அப்பாலும் கேட்கும். திடீரென்று நின்றுவிடும். மனைவி றோஸ் குசினியிலிருந்து ஓடிவருவாள். நெஞ்சு அசையாமல் கிடக்கும். அவள் தோளைப் பிடித்து உலுப்பப்போக, ஆழத்திலிருந்து மேலே வந்தவரைப்போல ஒரு பெரிய மூச்சு வரும்.

“இஞ்சாருங்கோ, நித்திரையிலை உங்களுக்கு மூச்சு நிக்குது. எனக்குப் பயமாக் கிடக்கு.”

“விசரி. கடலுக்கடியிலை சுழியோடின உடம்பு, கட்டிலிலையும் மூச்சை அடக்குது. பழக்கம் விட்டுப்போகேல்லை எண்டு சந்தோசப்படு.”

ஊரும் அதை நம்பியது.

பிறகு கடல் திறந்தது. பிலிப்பு தன் வள்ளத்துக்குச் சங்கு குளிக்க ஆள் சேர்த்தான். அதில் ஓர் இடம் கிடைக்கவேண்டும், குருசுமுத்துவுக்கு வேறு ஆசை இல்லை. கரைக்குக் கிட்டக் கடலில் ஆழமான ஒரு கிடங்கில் எல்லோரையும் இறக்கிப் பார்த்தார்கள். குருசுமுத்து போன வேகத்திலேயே மேலே வந்து மூச்சிரைத்தார்.

“என்ன அண்ணை, ஏதும் மறந்துபோட்டு வந்தனீங்களோ?” என்றான் பிலிப்பு.

“கட்டிலையும் சேர்த்து இறக்கியிருக்கவேணும்” என்றான் கரையில் நின்ற ஒருவன்.

அன்று றோஸ் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். டொக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“நீர் மூச்சை அடக்கேல்லை, காணும். கழுத்திலை கொழுப்பு வைச்சிருக்கு. மல்லாந்து படுக்கத் தொண்டை அடைபடுது. மூச்சு நிக்க நிக்க உடம்பு பதறி ரத்தத்திலை சீனியை ஏத்துது. பகலிலை அலுப்பு, நடக்க மனம் வராது, வயிறு இன்னும் வைக்கும். ஒண்டு மற்றதைக் கூட்டிக்கொண்டு வருது. உடம்பைக் குறையும். ஒரு பக்கமாச் சரிஞ்சு படும்.”

“சரிஞ்சுதான் படுக்கிறன். நித்திரையிலை உருண்டால் நான் என்ன செய்ய?” என்றார் குருசுமுத்து, வீட்டுக்கு வந்து.

றோஸ் அலுமாரிக்கு மேல் கிடந்த பெரிய சங்கை எடுத்தாள். அவருடைய பெனியனின் முதுகில் பை வைத்து அதை உள்ளே தைத்தாள். அன்று மத்தியானம் உருண்டவர் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு எழும்பினார்.

“மாட்டுக்கு மணி கட்டின மாதிரி எனக்குச் சங்கு கட்டிப்போட்டாய்.”

“சங்கு பரவாயில்லை. ஆரும் ஊதினால்தான் சத்தம் போடும்.”

தேத்தண்ணியில் சீனி நின்றது. காலையில் இரண்டு பேரும் பக்கத்து ஊரான மண்கும்பான் வரைக்கும் நடந்தார்கள். மெல்ல மெல்ல அவருடைய கழுத்து திரும்பவும் வெளியே தெரிந்தது. சீனி வருத்தம் போய்விடவில்லை, ஆனால் அடங்கி இருந்தது. மத்தியானத்தில் றோஸ் அடுப்படியை விட்டு ஓடிவரத் தேவையில்லாமல் போனது.

அடுத்த முறை பிலிப்பு ஆள் சேர்த்தபோது குருசுமுத்து கூப்பிடாமலே போய்க் கிடங்கில் இறங்கினார். தண்ணீர் மூடிக்கொண்டது. பகிடி விட்டவர்கள் கரை விளிம்புக்கு வந்தார்கள். பிலிப்பு எட்டி எட்டிப் பார்த்தான். றோஸ் மட்டும் ஆறுதலாக நின்றாள். நின்ற மூச்சைப் பார்த்துப் பழகினவள் அல்லவா, இது அவராக அடக்கிய மூச்சு என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் தலை தெரிந்தது. கையில் ஒரு சங்கு.

“எனக்கு வள்ளத்திலை எந்தப் பக்கம் இடம், பிலிப்பு?”

“நீங்கள் இருக்கிற பக்கம்தான், அண்ணை.”

குருசுமுத்து கரைக்கு வந்து சங்கை றோஸிடம் நீட்டினார்.

“சின்னன். இனி இதைத் தை. பழசு பாரமாக் கிடக்கு.”

அவள் வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

“முனை நல்ல கூர். இதுதான் சரி” என்றாள்.